துணிக்கடை மெழுகுவர்த்திக்குப் பேர் போனது எப்படி?

கேள்வி: வாசனைப் பொருள் பிராண்டான டிப்டிக் 1961-ல் பாரிஸில் மூன்று நண்பர்கள் திறந்த துணிக்கடையாமே? அப்புறம் எப்படி வாசனைப் பக்கம் போனது?

பதில் 1: ஆமாம், சான் ஜெர்மன் சாலையில் 34-ம் எண் கடை. அவர்களே வரைந்த டிசைன் துணிகளும், ஊர் ஊராகச் சுற்றி வாங்கி வந்த பொருட்களும்தான் முதல் சரக்கு. 1963-ல் வாசனை மெழுகுவர்த்தி வந்தது, ஐந்து வருஷம் கழித்துத்தான் 'லோ' என்ற முதல் சென்ட், அதுவும் 16-ம் நூற்றாண்டுச் செய்முறைக் குறிப்பு ஒன்றை வைத்துச் செய்தது, கிராம்பு, பட்டை என்று நம் மசாலா டப்பா மணக்கும்.

பதில் 2: அவர்கள் பொருட்களில் இருக்கும் அந்த நீள்வட்ட லேபிளை விட்டுவிட்டீர்களே! எழுத்துகள் ஆடுகிற மாதிரி இருக்கும். மூவரில் நோக்ஸ்-லீட் ஓவியர் இல்லையா. பாதி வியாபாரம் அதனால்தான் என்பேன்.

கேட்டவர்: சரி, இன்னும் அந்த மூவரின் சொந்தக் கடைதானா?

பதில் 1: இல்லை, 2005-ல் மன்சானிட்டா கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது.