புதுப்பிப்பு: ஐந்து நாய், ஏழு பூனை, காங்கேயம் பக்கம் ஒரு நிலம்

கோவையில் வாடகை வீட்டில் ஐந்து நாய், ஏழு பூனையோடு இருக்கிறோம், காங்கேயம் பக்கம் ஒரு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) விலைக்கு வருகிறது, வாங்கிக் குடிபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்னும் வாங்கவில்லை. ஆசையும் குறையவில்லை.

பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேலியில். அங்கே சுற்றிலும் கிளுவைச் செடி வளர்த்த முள்வேலிதான், உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த வேலி ஆடு மாட்டை நிறுத்தும், எங்கள் நாய் கருப்பனை நிறுத்தாது, அவன் அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். பக்கத்துக் காட்டில் செம்மறி மேய்கிறது. தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொல்வதற்கு நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் போராடிய ஊர்ப்பக்கம் அது, அங்கே ஐந்து நாயோடு போய் இறங்கினால் யார் சிரித்த முகத்தோடு வரவேற்பார்கள்? நியாயம்தானே. அப்புறம் மயில் வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள அட்டவணை ஒன்றில் இருக்கும் பறவை, எங்கள் நாய் ஒரு மயிலைப் பிடித்துவிட்டால் வம்பு.

பூனைகளுக்குக் கவலையில்லை, எல்லாவற்றுக்கும் கருத்தடை முடிந்தது.

இப்போதைக்கு அதே பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை வாடகைக்குப் பார்க்கிறோம். கிளுவைக்கு உள்பக்கமாகக் கம்பி வலையை மண்ணுக்குள் புதைத்து வேலி போட்டவர்கள் இருந்தால் செலவு எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள்.