நீச்சல் குளத்துக்கு அனுமதி கேட்ட விண்ணப்பம் இரண்டாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது. எங்கே கோட்டை விட்டேன்?

ஈரக்கால்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில் கான்கிரீட்டில் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்ட ஆசை. நீளம் 7 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், ஆழம் 1.4 மீட்டர். குளம் கட்டித் தருபவரே பிளான் போட்டுக் கொடுத்தார். முதல் தடவை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, வாங்கி வைத்தேன். இப்போது மறுபடியும் திரும்பியிருக்கிறது. பிளானில் சிவப்பு மையால் ஒரு வட்டம், பக்கத்தில் இரண்டே வரி: "எல்லையிலிருந்து இடைவெளி போதாது. ஏற்கனவே உள்ளவை காட்டப்படவில்லை."

இங்கே 1.5 மீட்டர் விட வேண்டும். நானே டேப் பிடித்து அளந்தேன், 1.5 சரியாக இருக்கிறது! ஏற்கனவே உள்ளவை என்றால் எதைச் சொல்கிறார்கள்? வீட்டைத்தான் வரைந்திருக்கிறோமே.

இன்னொன்று. "இந்த அலைச்சல் எதுக்கு? ரெடிமேட் ஹாட் டப் (வெந்நீரில் உட்காரும் தொட்டி) ஒன்றை வாங்கி மொட்டை மாடியில் வைத்துவிடு, பள்ளம் தோண்டாததால் அனுமதியே வேண்டாம்" என்கிறார் தம்பி. உண்மையா?

பென்சில்முனை

டேப்பை எங்கே வைத்து அளந்தீர்கள் சார்? தண்ணீர் விளிம்பிலா, குளத்துச் சுவரின் வெளிப்புறத்திலா?

ஈரக்கால்

தண்ணீர் நிற்கிற விளிம்பில்தான். சுவர் 20 செ.மீ. கனம்.

பென்சில்முனை

அதுதான் விஷயம். சில இடங்களில் தண்ணீர் விளிம்பிலிருந்து அளப்பார்கள், சில இடங்களில் கட்டுமானத்தின் வெளி விளிம்பிலிருந்து. உங்கள் அலுவலகம் இரண்டாவது ரகம் என்றால், அவர்கள் கணக்கில் உங்களிடம் இருப்பது 1.3 மீட்டர்தான். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த விளிம்பிலிருந்து அளக்கிறீர்கள்?" பம்ப், ஃபில்டர் வைக்கிற மேடைக்கும் இடைவெளி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது தடவை அதற்காகத் திரும்பி வரும்.

"ஏற்கனவே உள்ளவை" என்றால் மண்ணுக்குள் இருப்பதும், தலைக்கு மேல் போவதும். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், கிணறு, தண்ணீர்த் தொட்டி, மேலே போகிற மின்கம்பி. குளம் கட்டுகிறவர் போடும் பிளானில் குளம் மட்டும் நீலக் கலரில் பளிச்சென்று இருக்கும், சுற்றி எல்லாம் வெள்ளைத் தாள். பரிசீலிக்கிறவருக்குக் குளத்தைவிட அந்த வெள்ளை இடம்தான் முக்கியம். உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?

ஈரக்கால்

அதுதான் தெரியவில்லை. பழைய வீடாக வாங்கினோம். பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தளம் போட்டு மூடியிருக்கிறார்கள்.

பென்சில்முனை

அப்படியானால் அதைக் கண்டுபிடிக்காமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். கழிவறையிலிருந்து வெளியே வரும் குழாய் எந்தப் பக்கம் போகிறது, வழியில் சதுர மூடி போட்ட சேம்பர் எத்தனை என்று பாருங்கள். கடைசி சேம்பருக்கு அப்பால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால், அடியில் வெற்றிடம் இருக்கிற இடத்தில் சத்தம் மாறும். டேங்கின் சுவருக்கு வெளியே இருக்கிற மண்ணும் அதற்கு ஒரு முட்டுதான். பக்கத்தில் ஒன்றரை மீட்டர் பள்ளம் பறித்தால் அந்த முட்டு போய்விடும். சுவர் விரிந்தால் கசிவு எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபில்டரைக் கழுவுகிற பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். செப்டிக் டேங்குக்குள் மட்டும் விடாதீர்கள், குளோரின் உள்ளே இருக்கிற பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கம்பிகட்டி

தம்பியின் யோசனைக்கு நான் பதில் சொல்கிறேன். ஐந்து பேர் உட்காரும் ஹாட் டப் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 1,200 லிட்டர், அதாவது 1,200 கிலோ. தொட்டி ஒரு 350. ஆட்கள் 375. மொத்தம் 1,925 கிலோ, 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரத்தில். சதுர மீட்டருக்கு 480 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு புழக்கச் சுமைக்குத்தான் (ஆட்கள், சாமான்களின் எடை) கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். பள்ளம் தோண்டவில்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. பல இடங்களில் தண்ணீர் ஆழத்தையும் மின் இணைப்பையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளமோ டப்போ எதுவானாலும் தடுப்பு வேண்டும்.

உங்கள் குளத்தில் தண்ணீர் 34 டன். நிரம்பியிருக்கும்போது பயமில்லை, காலி செய்யும்போதுதான் பயம். நிலத்தடி நீர் மேலே இருக்கிற காலத்தில் வடித்தால் வெறும் குளம் படகு மாதிரி மேலே கிளம்பும். இன்ஜினியர் இதைக் கணக்கில் எடுத்தாரா, வெறும் கையெழுத்துதானா?

எர்த்வயர்

நான் எலக்ட்ரீஷியன். காகிதத்தில் அனுமதி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடுவில் ஆய்வுகள் இருக்கும், அதில் முக்கியமானது கான்கிரீட் போடுவதற்கு முன்னால் வருவது. குளத்தின் கம்பிக்கட்டு, ஏணி, கைப்பிடி, பம்ப் மோட்டாரின் உடல் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றாக இணைக்க வேண்டும். எர்த்திங் இருக்கிறதே என்பார்கள். அது வேறு, இது வேறு. ஈர உடம்போடு ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு உலோகத்தைத் தொட்டால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கக்கூடாது, அதற்காகத்தான் இது.

நான் போன ஒரு சைட்டில் லாரி வந்துவிட்டது என்று அவசரமாகக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர், "இணைப்பு எங்கே, காட்டுங்கள்" என்றார். எதைக் காட்டுவது? நான்கு மூலையிலும் கொத்திக் கம்பியை வெளியே எடுத்தோம். மூன்று நாள் போச்சு. அப்போதிருந்து, மூடப்போகிற ஒவ்வொன்றையும் பக்கத்தில் டேப் வைத்து போட்டோ எடுத்துவிடுவேன். போட்டோ ஆய்வுக்கு ஈடாகாது, ஆனாலும் கையில் இருக்கட்டும்.

சப்ளைக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிப்பது), அல்லது உங்கள் ஊர் விதி அதைவிடக் குறைவாகக் கேட்டால் அது.

பென்சில்முனை

வேலியை விட்டுவிட்டோம். பொதுவாக 1.2 மீட்டர் உயரம் கேட்பார்கள், கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் கூடாது. கதவு தானாகச் சாத்தித் தானாகத் தாழ் விழ வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். பல இடங்களில் இது முடியாமல் தண்ணீர் நிரப்பவே விடமாட்டார்கள். அதையும் பிளானில் வரைந்துவிடுங்கள்.

ஈரக்கால்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டுப் பார்த்தேன், சுவரின் வெளிப்புறத்திலிருந்துதான் அளக்கிறார்களாம். செப்டிக் டேங்க் கிடைத்துவிட்டது. துணி துவைக்கிற கல்லுக்கு நேர் கீழே, நான் வரைந்திருந்த குளத்தின் மூலையிலிருந்து 60 செ.மீ. தள்ளி! குளத்தை 6 மீட்டராகக் குறைத்து, மறுபக்கம் நகர்த்தி, எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தோம். இன்ஜினியரும் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார், அடித்தளக் கனம் கூடிவிட்டது.

இந்தத் தடவை திரும்பி வரவில்லை. ஒரு ஆள் நேரில் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "அதான் பார்த்துட்டாங்களே, ஞாயிற்றுக்கிழமை பொக்லைனைக் கொண்டுவரட்டுமா?" என்று குளக்காரர் நச்சரிக்கிறார். காகிதம் கைக்கு வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தம்பி இன்னும் மாடியை விடவில்லை, அந்த 480 கிலோ கணக்கை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.