நகர வன்முறைதான் சமூக மாற்றத்தைக் கொண்டுவந்ததா?

கேள்வி:
நவீன நகரங்களில் கலவரத்துக்குப் பின்னரே சீர்திருத்தம் வந்தது என்கிறார்கள். ஒன்று மற்றதற்குக் காரணமா, அல்லது இரண்டுமே ஒரே நெருக்கடியின் விளைவுகளா?

பதில் 1:
மான்செஸ்டரில் 1819 ஆகஸ்ட் 16 அன்று, நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு அமைதியாகத் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. பெருந்தொழில் நகரமாக வளர்ந்தும் தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லாதிருந்த அந்நகருக்கு 1832இல்தான் இரண்டு இடங்கள் கிடைத்தன. உடனடியாக வந்தவையோ கூட்டங்களையும் அச்சையும் ஒடுக்கும் சட்டங்கள். எனவே நேரடிக் காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே.

பதில் 2:
மாற்றம் எப்போதும் மக்கள் பக்கமே சாய்வதில்லை. பாரிசில் 1848இல் குறுகிய தெருக்களின் பாவுகற்களைப் பெயர்த்து, கவிழ்த்த வண்டிகளோடு அடுக்கித் தடுப்பரண் எழுப்பினார்கள். 1853 முதல் பாரிசை நிர்வகித்த அரசு அதிகாரி ஓஸ்மான் வெட்டிய அகன்ற சாலைகளுக்குச் சுகாதாரமும் போக்குவரத்தும் முக்கியக் காரணங்கள் என்றாலும், படைகள் விரைந்து நகரும் வசதியும் கணக்கில் இருந்தது. (1871இல் தடுப்பரண்கள் மீண்டும் முளைத்தன என்பது வேறு கதை.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. லண்டனில் 1829இல் அமைந்த காவல்துறையையும் இவ்வரிசையில் வைக்கலாமா?

பதில் 1:
வைக்கலாம். இராணுவத்தின் சிவப்புச் சீருடை மக்கள் நினைவுக்கு வரக்கூடாது என்றே காவலர்களுக்கு நீலச் சீருடை தேர்ந்தெடுக்கப்பட்டது.