காவடிப் பந்தலில் பால் கொடுக்கலாமா? போர்டு வைக்கலாமா?

உம்கேனிக்கரை
வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் ஒரு முருகன் கோயில் செயற்குழுவுல இருக்கேன், கோயில் பேர் வேண்டாம். தைப்பூசத்தன்னிக்குப் பந்தல்ல உக்காந்து குழந்தைக்குப் பால் கொடுத்த பொண்ணை, தொண்டர் ஒருத்தர் "காருக்குப் போம்மா"ன்னு எழுப்பி விட்டுட்டார். அவங்க வீட்டுக்காரர் எழுத்துல புகார் கொடுத்திருக்கார். சித்திரைக் காவடிக்குள்ள முடிவு எடுத்தாகணும். "பால் கொடுக்கும் தாய்மார்கள் பின்கட்டு அறைக்குச் செல்லவும்"னு போர்டு வைக்கலாம்னு குழுவுல மூணு பேர் சொல்றாங்க. உங்க கருத்து என்ன? சண்டை வேண்டாம்.

கரும்புத்தோட்டம்
போர்டு வைப்பதே சரி. நான் இங்கே பிறந்தவன், நாலாம் தலைமுறை. தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் என்பதால் ஏட்டு வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் பத்து நாள் விரதமிருந்து, அலகு குத்தி, சுத்தபத்தமாக வருகிறவர்கள் நடுவே இது தேவையா? ஒப்பந்தக் கூலியாக வந்த எங்கள் பூட்டி காலத்துப் பெண்கள், ஆணுக்குக் கொடுத்ததில் பாதிக் கூலிக்குக் கரும்புக்காட்டில் உழைத்தவர்கள். அவர்களும் வரப்போரம் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். முந்தானை இருந்தது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இன்றைக்கு டீ-ஷர்ட், ஜீன்ஸ்.

நெல்லைப்பொண்ணு
ஐயா, உங்க பூட்டிக்கு வரப்பாவது கிடைச்சது, எங்களுக்குக் கார் பார்க்கிங்கா? பிப்ரவரி மாசக் கோடையில டர்பன்ல கண்ணாடி ஏத்தின காருக்குள்ள ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க. குழந்தை வேண்டாம், நீங்க மட்டும்.

முந்தானை விஷயம் பாதி சரி. சேலையில சுலபம். சுடிதார்னா தூக்கியாகணும், மேல துப்பட்டா போட்டா முடிஞ்சுது. அந்தப் பொண்ணு துப்பட்டா போட்டிருந்தாங்களான்னு யாராவது கேட்டீங்களா?

உம்கேனிக்கரை
போட்டிருந்தாங்களாம். குழந்தைதான் இழுத்து இழுத்து விட்டிருக்கு. அஞ்சு மாசக் குழந்தை.

ஜோபர்க்_மச்சான்
சம்பந்தருக்கு அம்பாள் பால் கொடுத்தது எங்க? சீர்காழிக் கோயில் குளக்கரையில. காருக்குப் போன்னு யாரும் சொன்னதாத் தெரியலையே.

கரும்புத்தோட்டம்
தம்பி, கதையை முழுதாகச் சொல்லவும். பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்தாள். குழந்தையின் தகப்பனார் அப்போது குளத்தில் மூழ்கிக் குளித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் யாரும் இல்லை. என் பக்கத்துச் சாட்சியை நீங்களே கூட்டி வருகிறீர்கள்.

ஜோபர்க்_மச்சான்
அப்பா குளிச்சு முடிச்சு வரட்டும்னு அம்பாள் குழந்தையை அழ விடலையே ஐயா. எனக்கு அது போதும்.

பீச்ரோடு_அம்மா
ரெண்டு பிள்ளை பெத்தவ, என் பங்குக்கும் சொல்றேன். நீங்க யாரும் போனைப் பத்திப் பேசவே இல்லை. காவடி அன்னிக்கு ஆளுக்கொரு கேமரா. தேர், அலகு, சாமியாடுறவங்க எல்லாம் ஃபேஸ்புக் லைவ்ல போகுது. பின்னால பந்தல்ல உக்காந்திருக்கிற பொண்ணும் அதுல சேர்ந்து போவா. ராத்திரிக்குள்ள அது எத்தனை வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போகுமோ. எனக்கு ஒழுக்கம், தீட்டுன்னெல்லாம் கவலை கிடையாது, இந்தப் போன் கவலைதான். அறை கட்டாயம் வேணும். என் மகளுக்குக் குழந்தை பிறந்தா நானே அங்க கூட்டிட்டுப் போவேன்.

நெல்லைப்பொண்ணு
அக்கா, படம் எடுக்கிறவனை விட்டுட்டுப் பால் கொடுக்கிறவளுக்கு ஏன் போர்டு? சரி, அந்தப் பின்கட்டு அறைங்கிறது எது?

உம்கேனிக்கரை
அன்னதானப் பாத்திரம் வைக்கிற அறை. சிலிண்டரை வெளியில மாத்திடுவோம். ஜன்னல் ஒண்ணு இருக்கு.

நெல்லைப்பொண்ணு
அண்டா குண்டா நடுவுல. நல்லா இருக்கு.

சர்க்கரைத்துறை
ஏன் இவ்வளவு பேச்சுன்னு புரியலை. வருஷத்துக்கு ரெண்டு காவடி. அந்த ரெண்டு நாள் ஒரு பாட்டில் பவுடர் பால் கலக்கி எடுத்துட்டு வந்தா குழந்தை இளைச்சா போயிடும்? என் பிள்ளைங்க ரெண்டும் பாட்டில்ல வளர்ந்ததுதான், ரக்பி ஆடுறானுங்க.

வார்டு_சிஸ்டர்
அந்த "ஒரு பாட்டில்" விஷயத்துக்காகத்தான் உள்ளே வர்றேன். டர்பன்ல ஃபீனிக்ஸ் பக்கம் கிளினிக்ல நர்ஸ். உங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும் அண்ணா. ஆனா நம்ம குவாசூலு-நடால் மாகாணத்துல பாட்டிலுக்குப் பின்னால ஒரு பெரிய கதை இருக்கு. ஊர்லருந்து புதுசா வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு அரசு கிளினிக்குகள்ல பவுடர் பால் டின் இலவசமாக் கொடுத்துட்டு இருந்தாங்க. தாய்ப்பால் வழியாக் கிருமி போகும்ங்கிற பயம், அது பொய்யான பயமும் இல்லை. ஆனா டின்னைக் கையில பிடிச்சுக்கிட்டு ஷேர் டாக்சியில ஏறினா, இவளுக்கு என்ன வியாதின்னு தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். பால் கொடுக்காத தாயைத்தான் இங்க சந்தேகமாப் பார்த்தாங்க. அதனால தனியா இருக்கும்போது பாட்டில், மாமியார் முன்னாடியும் ஊரார் முன்னாடியும் தாய்ப்பால்னு ரெண்டையும் கலந்து கொடுத்தவங்க உண்டு.

அந்தக் கலப்புதான் ஆபத்துன்னு கண்டுபிடிச்சதும் இதே டர்பன் ஆட்கள்தான். ஆராய்ச்சியாளர்கள் ஹூசன் கூவாடியா, அன்னா கூட்சூடிஸ் ரெண்டு பேரும் இருந்த ஆய்வுகள் 1999லயும் 2007லயும் லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள்ல, தாய்ப்பால் மட்டும் குடிச்சதுகளைவிடத் தாய்ப்பாலோட திட ஆகாரமும் சேர்த்துச் சாப்பிட்டதுகளுக்குத் தொற்று வாய்ப்பு கிட்டத்தட்ட 11 மடங்குன்னு 2007 ஆய்வு சொல்லுது. பவுடர் பாலைச் சேர்த்துக் குடிச்சதுகளுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. 2011 ஆகஸ்ட்ல தாய்ப்பாலை ஆதரிச்சு அரசோட ட்ஷ்வானே பிரகடனம் வந்துது. இலவச டின்னை நிறுத்தினாங்க. எச்.ஐ.வி. இருந்தாலும் மருந்தோட, முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்ங்கிறதுதான் அப்புறம் நாட்டோட கொள்கை. 2012ல பவுடர் பால் விளம்பரத்துக்கே தடை போட்டாங்க. 1998 கணக்கெடுப்புல ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகள்ல தாய்ப்பால் மட்டும் குடிச்சது 100க்கு 7. 2016ல 32. இவ்வளவு பாடுபட்டும் மூணுல ஒண்ணு கூட எட்டலை.

இதுக்கும் பந்தலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எல்லார் முன்னாடியும் கொடுக்கக் கூச்சப்படுற பொண்ணு என்ன பண்ணுவா? வீட்டை விட்டு வெளியே வரமாட்டா, இல்லைன்னா பையில ஒரு பாட்டில் வச்சுக்குவா. கோயிலுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, மாலுக்கு ஒண்ணு. குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். நேரம் தவறினா மார்ல கட்டிக்கும், சிலருக்குக் காய்ச்சலே வரும். கூச்சத்துல ஆரம்பிச்ச பாட்டில்தான் மூணாவது மாசத்துல முழு பாட்டிலா என் மேஜை முன்னால வந்து நிக்குது.

இன்னொண்ணு, பாட்டில் கொடுக்கிறவங்களையும் யாரும் ஏன்னு கேக்காதீங்க. காரணம் அவங்களுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கலாம்.

சர்க்கரைத்துறை
சரி சிஸ்டர், பவுடர் வேண்டாம். தாய்ப்பாலையே பம்ப் பண்ணிப் பாட்டில்ல எடுத்துட்டு வரலாமே?

வார்டு_சிஸ்டர்
வரலாம். கறந்த பால் 25 டிகிரி வரைக்கும் நாலு மணி நேரம் தாங்கும். தைப்பூச வெயில்ல பந்தலுக்குள்ள 25 டிகிரி எங்க இருக்குன்னு காட்டுங்க, நானும் வந்து உக்காந்துக்கிறேன். 2023ல லோட்ஷெடிங், அதான் மின்வெட்டு, உச்சத்துல இருந்தப்போ ஃபிரிட்ஜ்ல வச்ச பாலைக் கீழே ஊத்திட்டு அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கேன். சில குழந்தை அந்த ரப்பரை வாயிலயே வைக்காது, துப்பிடும்.

சட்டப்புள்ளி
சட்டப் பக்கம் சுருக்கமா. பொது இடத்துல பால் கொடுக்கக் கூடாதுன்னு தென்னாப்பிரிக்காவுல எந்தச் சட்டமும் இல்லை. அரசியல் சட்டம் 9-ஆம் பிரிவு பாலினம், கர்ப்பம் போன்ற காரணங்களால பாகுபாடு கூடாதுங்குது. அது அரசாங்கத்தை மட்டுமில்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும். வேலை செய்யற இடத்துலயே, குழந்தைக்கு ஆறு மாசம் ஆகிற வரைக்கும் தினம் ரெண்டு தடவை அரை மணி நேரம் பால் கொடுக்கவோ கறக்கவோ இடைவேளை விடணும்னு 1998 நடைமுறைக் கோவை சொல்லுது. "அறைக்குச் செல்லவும்"னு கட்டளையா போர்டு வச்சு, யாராவது சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனா, வக்கீல் செலவுக்கு உண்டியலை உடைக்க வேண்டியதுதான்.

கரும்புத்தோட்டம்
சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். செருப்பைக் கழற்று என்கிறோம். மாமிசம் சாப்பிட்டுவிட்டு வராதே என்கிறோம். அதுவும் பாகுபாடா? கோயிலுக்கு ஒரு முறை உண்டு. சன்னிதியில் இல்லாவிட்டாலும் பந்தலிலும் உண்டு.

மேலும், அறைக்குப் போகச் சொல்வது அவமானம் என்றால், 2015இல் ஜெயலலிதா அம்மையார் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தாரே, அதுவும் அவமானமா?

நெல்லைப்பொண்ணு
செருப்பை வெளியில விட்டா அது பசிச்சு அழாது ஐயா.

அந்த அறைகள் நல்ல காரியம், நான் இல்லைங்கலை. என் மூத்தவனுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டுல அதுல உக்காந்து கொடுத்திருக்கேன், இன்னொரு ஊர்ல பூட்டிக் கிடந்துச்சு, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியலை. பூட்டியிருந்த ஊர்ல பெஞ்சுல உக்காந்தே கொடுத்தேன். பக்கத்துல இருந்த பாட்டி கொஞ்சம் திரும்பி மறைச்சு உக்காந்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். அறை இருக்குன்னு சொல்றது ஒரு உதவி. அறைக்குப் போயே ஆகணும்ங்கிறதைத்தான் வேண்டாங்கிறோம்.

கரும்புத்தோட்டம்
அந்தப் பாட்டி மறைத்து உட்கார்ந்தாரே, ஏன்? மறைப்பு வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

பீச்ரோடு_அம்மா
மறைச்சாங்க ஐயா, எந்திரிச்சுப் போன்னு சொல்லலை. உங்க தொண்டர் அந்த ஒண்ணைப் பண்ணியிருந்தா புகாரே வந்திருக்காது.

ஜோபர்க்_மச்சான்
பால்குடம் தூக்கிட்டு வர்ற கோயில்ல இப்படி ஒரு பஞ்சாயத்து. முருகா.

உம்கேனிக்கரை
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் வைக்கப்போறது இது: பாத்திர அறை வேண்டாம். பந்தலை ஒட்டி இருக்கிற தமிழ் வகுப்பு அறையைத் திறந்து விடுவோம், ரெண்டு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், தண்ணி. வாசல்ல "தாய்மார்களுக்கு அறை உண்டு"ன்னு மட்டும் எழுதுவோம். பந்தல்ல உக்காந்து கொடுக்கிறவங்களைத் தொண்டர்கள் எழுப்பக் கூடாது. அந்தப் பக்கம் போன்ல படம் எடுக்கத் தடை.

கரும்புத்தோட்டம்
நான் எதிர்த்து வாக்களிப்பேன். அதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதவும். போன் தடைக்கு மட்டும் ஆதரவு.

உம்கேனிக்கரை
ஐயா, போன் தடைதான் தோக்கப் போகுது. லைவ் போடுறதே நம்ம கோயில் இளைஞர் அணிதான், குழுவுல அவங்களுக்கு நாலு ஓட்டு.

பீச்ரோடு_அம்மா
அப்போ ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். கூட்டம் எத்தனை மணிக்கு?