2,000 சொல்லுக்கு ஆட்கள் மார்க், மீதிக்கு மெஷின்: போதுமா?

நெடில்: தமிழ்ச் சொற்களுக்கு உணர்ச்சி மதிப்புப் பட்டியல் போட, 2,000 சொற்களுக்கு ஆட்களிடம் 1–9 அளவில் வேலன்ஸ் (எவ்வளவு இனிமை, எவ்வளவு கசப்பு) வாங்குங்கள். மீதிக்கு 300 பரிமாண வேர்ட் வெக்டர் (சொல் வரும் சூழலை எண்களாக்கியது), ரிட்ஜ் ரிக்ரெஷன் (அந்த எண்களுக்கு அடக்கமான எடை போட்டு மதிப்பைக் கணிப்பது). தாராளமாகப் போதும்.

குற்றியலுகரம்: போதாது. 'நல்ல', 'கெட்ட' இரண்டும் ஒரே சூழலில் வருவதால் வெக்டரில் அண்டை வீட்டுக்காரர்கள்.

நெடில்: கொசைன் (இரு வெக்டர்களின் நெருக்கம்) பார்த்துப் பக்கத்துச் சொற்களின் சராசரி எடுப்பவருக்குத்தான் அந்த வம்பு. ரிக்ரெஷன் அந்த இரண்டையும் பிரிக்கிற பரிமாணத்துக்கு எடையைக் கூட்டிவிடும்.

குற்றியலுகரம்: ஆங்கிலத்துக்குச் சரி. வாரினர் குழுவின் 2013 ஆங்கில உணர்ச்சி மதிப்புப் பட்டியலில் 13,915 சொற்களும் மூலவடிவங்கள். இங்கே 'மகிழ்ச்சியில்லாமல்' ஒரே சொல். வேர்ட் வெக்டர் செய்யும் ஃபாஸ்ட்டெக்ஸ்ட் கருவி அதை எழுத்துத் துண்டுகளாக்கி, அவற்றின் வெக்டர்களைக் கூட்டும். பாதித் துண்டு 'மகிழ்ச்சி'யுடையது. 'இல்லாமல்' எதிலும் ஒட்டும், அதற்கென்று உணர்ச்சி எடை இல்லை. கூட்டினால் குறி (இனிமையா, கசப்பா) எப்படித் திரும்பும்? துண்டின் அளவும் எழுத்துக் கணக்கல்ல, யூனிகோட் குறியீட்டுக் கணக்கு: 'ச்சி' மட்டுமே நான்கு. ஐந்து நீளத் துண்டில் பெரும்பாலும் இரண்டு, மூன்று எழுத்துதான் அடங்கும்.

நெடில்: முதலில் உருபன்களை (சொல்லின் பொருளுள்ள சிறு உறுப்புகளை) பிரியுங்கள். 'இல்லாமல்', 'அற்ற' வந்தால் எதிர்மறை என்று தனிக் கொடி (அடையாளம்). பகுதிக்கு (வேர்ச்சொல்லுக்கு) மட்டும் கணிப்பு.

தரவுப்பூச்சி: பயிற்சியில் சேர்க்காத சொற்களில் மாடலைச் சோதிக்கும் டெஸ்ட்டை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. 'அழுதான்' பயிற்சியிலும் 'அழுதாள்' டெஸ்ட்டிலும் இருந்தால் கோரிலேஷன் (ஆட்கள் மதிப்பும் கணிப்பும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) சும்மா ஏறும். ஒரே பகுதியின் வடிவங்கள் எல்லாம் ஒரே பக்கம் விழும்படி பிரியுங்கள். ரிட்ஜ் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும் என்பதும் உண்டு: ஆட்கள் 1.5 போட்ட சொல் 3க்கு வந்து நிற்கலாம், வரிசை மாறாததால் கோரிலேஷனில் அது தெரியாது. இரு முனைச் சொற்களின் பிழையைத் தனியாக எடுங்கள்.

குற்றியலுகரம்: அரௌசல்? உணர்ச்சி எவ்வளவு தூக்கல் என்பதில் ஆட்களே ஒத்துப்போவதில்லை. மாடலும் அங்கேதான் சறுக்கும். 1–9ஐ விடுங்கள். நான்கு சொல் கொடுத்து, மிகத் தூக்கல் எது, மிக மந்தம் எது என்று கேளுங்கள். இரண்டே பதிலில் ஆறு இணைகளில் ஐந்தின் வரிசை கிடைக்கும்.

நெடில்: செலவு? சொல்லுக்கு எட்டுத் தடவை வர வேண்டுமென்றால் 2,000 சொல்லுக்கு நான்கு சொல் கொண்ட 4,000 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் பல பேர். அந்த மதிப்பு –1 முதல் 1 வரை, பட்டியலுக்குள் ஒப்பீடு மட்டும். 1–9 எண்களோடு கலக்கவும் முடியாது. அரௌசலுக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். வேலன்ஸுக்கு வீண்.

குற்றியலுகரம்: சரி. ஆனால் எதிர்மறை வடிவங்கள் 200 எடுத்து, பயிற்சியில் ஒன்றுகூடக் கலக்காமல் தனி டெஸ்ட்டாக வையுங்கள். உங்கள் கொடி அதில் எத்தனை சொல்லின் குறியைத் திருப்புகிறது என்று போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.