பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர்

ஜெர்சி சிட்டியில் 1920களில் கட்டிய மூன்று மாடி வீடு. நடுமாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். மேலும் கீழும் தள்ளித் திறக்கிற பழைய மர ஜன்னல்கள். பெயின்ட் உரிகிறதே என்று நான்தான் வாயைத் திறந்தேன். மறுநாளே இரண்டு பேரை அனுப்பிவிட்டார் வீட்டுக்காரர். இப்படியும் ஒரு மனிதரா என்று அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையடித்தேன்.

வந்தவர்கள் ஜன்னலைத் தண்ணீர்கூடத் தொடாமல் உப்புத்தாளால் தேய்த்தார்கள். சலித்த மைதா போலத் தூசி, பாப்பா தவழும் பாய் வரைக்கும் படிந்தது. அதை நான் துடைப்பத்தால் வேறு கூட்டினேன். கூட்டினால் அது எழும்பி வேறிடத்தில் போய் உட்காரும் என்று அப்போது தெரியாது. பாப்பாவுக்குப் பத்து மாதம். கை எந்நேரமும் வாயில்.

நியூ ஜெர்சியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் பார்த்தாக வேண்டும். விரலில் குத்திப் பார்த்ததில் 9 மைக்ரோகிராம். கையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தபோது 8. டெசிலிட்டருக்கு 3.5ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது 2021 முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவு.

வீட்டுக்கு வந்த செவிலியர் முதலில் எங்கள் சமையலறையைத்தான் சந்தேகித்தார். மஞ்சள்தூள், குங்குமம், கண்மை எங்கே வாங்கினீர்கள்? கேள்வி நியாயமானதுதான், அவற்றிலும் ஈயம் அகப்பட்டிருக்கிறது. பிறகு ஜன்னலை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். "இதைத் தேய்த்தவர் சான்று காட்டினாரா?" என்றார். அப்படி ஒரு சான்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் 1978இல் தடையானது. ஆனால் சுவரில் ஏற்கெனவே இருப்பது இருக்கிறதே! அதனால் 2010 ஏப்ரல் முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. 1978க்கு முந்தைய வீட்டில், ஓர் அறைக்குள் 6 சதுர அடிக்கு மேல் பெயின்ட்டைக் கலைத்தாலும், ஜன்னலையே மாற்றினாலும், கூலி வாங்கிச் செய்கிறவர் பயிற்சி பெற்றுச் சான்று வைத்திருக்க வேண்டும். தன் சொந்த ஆளை வைத்துச் செய்யும் வீட்டுக்காரருக்கும் விலக்கு இல்லை. வேலை தொடங்குமுன் குடியிருப்பவரிடம் விளக்கக் கையேடு தர வேண்டும். எனக்கு ஒரு தாள்கூட வரவில்லை.

*எடிசன் ஊரிலிருந்து, மராமத்து வேலை செய்பவன்:*
படிக்கவே வயிறு எரிகிறது. எட்டு மணி நேர வகுப்பு அது. இரண்டு மணி நேரம் கையாலேயே செய்து காட்ட வேண்டும். இருபது வருட அனுபவக்காரனுக்குத் தரையில் பிளாஸ்டிக் விரிக்கக் கற்றுத்தருகிறார்களா என்று சிரித்துக்கொண்டுதான் போனேன். கடைசியில் ஈரத்துணியால் ஜன்னல் கட்டையைத் துடைத்து, கையில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நிறம் பார்க்கச் சொன்னார்கள். துணி அட்டையைவிடக் கறுத்திருந்தால் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். 'சுத்தமாகத் துடைத்துவிட்டேன்' என்று நான் நம்பிய கட்டையில் துணி கறுத்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அண்ணா, சான்று இரண்டு உண்டு: நிறுவனத்துக்கு ஒன்று, வேலையை மேற்பார்க்கிறவருக்கு ஒன்று. இரண்டையும் கேளுங்கள். தண்ணீர் தெளிக்காமல் சுரண்டத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

*பாஸ்டன் பக்கத்திலிருந்து:*
இங்கே மாசசூசெட்ஸில் சட்டம் இன்னும் கடுமை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை குடியிருந்தால் ஈய ஆபத்தை உரிமையாளர் சரிசெய்தே ஆக வேண்டும். விளைவு என்ன தெரியுமா? வீடு பார்க்கப் போனோம். "குழந்தை உண்டா?" என்றார்கள். உண்டு என்றோம். மாலையே "வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று செய்தி வந்தது. அப்படி மறுப்பதும் சட்டவிரோதம்தான், எப்படி நிரூபிப்பது?

*மறுபடி நான்:*
பாப்பா எப்படி என்று கேட்டவர்களுக்கு: போன மாதம் 5. மெல்லத்தான் இறங்கும் என்றார் மருத்துவர். இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ள உணவாகக் கொடுக்கிறோம். எடிசன் நண்பர் சொன்னபடி வீட்டுக்காரரிடம் அந்த இருவரின் சான்றைக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒருவருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகலை அனுப்பியிருக்கிறார்.