ஷ்லுஷ்லுவே பாதையில் ஒற்றைக் களிறு எதிரே வந்தால்

சாட்ஸ்வர்த்திலிருந்து:
பள்ளி விடுமுறை வந்தால் டர்பனிலிருந்து ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவுக்குச் சொந்தக் காரில் கிளம்பிவிடுகிறோம். அங்கே தனிக் களிறு எதிரே வந்தால் முதலில் அதன் பின்னங்கால்களைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வடிந்தாலே மதம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்க யானைகளில் மிரண்டாலும் பரபரப்படைந்தாலும் அது வடியும், பெண் யானைகளுக்கும்கூட. சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்து பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கிறதா, கடும் வாடை அடிக்கிறதா, தலையை உயர்த்தி நடக்கிறதா என்று பாருங்கள். இவை சேர்ந்து தெரிந்தால் மதம்தான். அது வழி விடாது, நாம்தான் விட வேண்டும்.

எஞ்சினை அணைக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். காரைத் திருப்ப முயன்றால் பாதைக்குக் குறுக்கே மாட்டிக்கொள்வீர்கள். நேராக ரிவர்ஸில் மெதுவாகப் போங்கள். முன்னால் போகும் காரை ஒட்டி நிற்காதீர்கள். அவர் பின்வாங்க இடமில்லாமல் போவதில்தான் விபரீதம் தொடங்குகிறது.

காதை விரித்து, தலையை உலுக்கி, பிளிறிக்கொண்டு ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டவைத்து, தும்பிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வருவது தாக்குதல். ஆனால் மிரட்டல் நடுவழியில் தாக்குதலாக மாறலாம், அதனால் அடையாளங்களை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

பீனிக்ஸிலிருந்து:
அண்ணா சொன்னதோடு, இளங்களிறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். க்ரூகர் பூங்காவில் யானைகளைச் சுட்டுக் குறைத்த காலத்தில் அநாதையான கன்றுகளை பிலானஸ்பெர்க் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அந்த ஆண்களுக்கு, வழக்கமாக 25 வயதுக்கு மேல் வரும் மதம் 18 வயதிலேயே வந்தது. 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகரிலிருந்து 6 முதிர்ந்த களிறுகளைக் கொண்டுவந்ததும் இளசுகளின் மதம் தணிந்து, கொலைகள் நின்றன. மூத்த களிறு எதிர்த்து நின்றால் இளையதன் மதம் சில நிமிடங்களிலேயே அடங்கிவிடுவதும் உண்டு. தந்தம் ஆயுள் முழுக்க வளர்வதால் வேட்டைக்காரன் குறிவைப்பதும் இந்த மூத்த களிறுகளையே. எனக்கு இதுதான் பெரிய வேதனை. ஒரு கிழக் களிறு செத்தால் அதன் கீழ் அடங்கியிருந்த அத்தனை இளசுகளும் கட்டவிழ்கின்றன.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அடோ பூங்காவுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை எதையும் காரில் வைக்காதீர்கள். அங்கே தடை இருக்கிறது. முன்பு யானைகளைப் பூங்காவுக்குள் நிறுத்திவைக்க ஆரஞ்சு போட்டுப் பழக்கினார்கள். அந்தப் பழத்துக்காகவே அவை முட்டிமோதிச் சண்டையிட்டன.